ஏலக்காய்க் கடையில் ஒரு யந்திரக் கணக்குப்பிள்ளை

மூணாற்றை விட்டு ஆனச்சால் பக்கமாக இறங்கும்போது, தேயிலைச் சரிவுகள் மெல்ல மெல்லப் பின்வாங்கி, அவற்றின் இடத்தை ஏலக்காட்டின் நிழல் பிடித்துக்கொள்ளத் தொடங்குகிற எல்லையில் அமைந்திருக்கிற சித்திரபுரத்துக்கு, யந்திரம் என்பது புதிய விருந்தாளியன்று. முதிரப்புழை ஆற்றின் நீரை மலைமேலிருந்து குழாய்களில் இறக்கி மின்சாரமாக்கிய பள்ளிவாசல் நிலையம், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமாக, 1940-ஆம் ஆண்டிலேயே இவ்வூரின் அருகில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்த யந்திரங்கள் யாவும் மனிதனுடைய தோளுக்கும் கைக்கும் துணையாக வந்தவை. கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்தத் தொகையை இன்னார் பற்றில் எழுதலாமா என்று வினவுகிற யந்திரத்தை, நான் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். ஆறு மாத காலம் தினந்தோறும் அதனோடு பழகி, அதன் சாமர்த்தியத்தையும் அதன் அறியாமையையும் ஒருசேரக் கண்டபின், வியாபார நிர்வாகத்துக்கென்று விற்கப்படும் மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவு வெகு வேகமாகப் புகுந்துவரும் இக்காலத்தில், எம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு அந்த அனுபவம் பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையால் இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நானும் ஒரு தோட்ட ஆபீஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். இப்போது என் தங்கை மகள் நடத்துகிற கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கடை சிறியதுதான். ஏலக்காய், மிளகு, கிராம்பு, தேயிலைத் தூள் ஆகியவற்றை வழிப்போக்கர்களுக்கும் வெளியூர்க் கடைகளுக்கும் விற்பது ஒரு பங்கு. கடைக்கு மேலே பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் மூன்று அறைகள் மற்றொரு பங்கு. குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மூன்று ஏக்கர் ஏலக்காடு மூன்றாவது பங்கு. இந்த மூன்றும் ஒரே பணப்பெட்டியில் வந்து சேர்ந்து, ஒரே பணப்பெட்டியிலிருந்து பிரிந்து போகின்றன. எது எந்தப் பங்கின் வரவு, எது எந்தப் பங்கின் செலவு என்று மாத முடிவில் பிரித்துப் பார்ப்பதற்குள், நாள்வழிச் சிட்டையும் பேரேடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், இரண்டு மூன்று இரவுகள் உறக்கம் கெடுவது வாடிக்கையாக இருந்தது. "மாமா, இந்த வருஷமாவது ஒரு நல்ல சாஃப்ட்வேர் வாங்கிடலாம்" என்று மருமகள் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

நாங்கள் வாங்கிய மென்பொருளின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. ஆறு மாத அனுபவத்தில் கண்ட குறைகளை ஒரு ஸ்தாபனத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இவ்வகை மென்பொருள்கள் அநேகமாக ஒரே மாதிரியான உள்ளமைப்பைக் கொண்டிருக்கின்றன. ஆதலால் அவற்றின் இனத்தைப் பற்றிய விமர்சனமாகவே இதை வாசகர் கொள்ள வேண்டும்.

இந்த இனத்துக்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. அது தேயிலையில் தொடங்குவது எனக்குப் பேருவகை தருகிறது. லண்டன் மாநகரில் தேயிலை விற்றும், தேநீர்க் கடைகளை நடத்தியும் பெயர் பெற்றிருந்த லயன்ஸ் என்னும் கம்பெனி, தானே கட்டிக்கொண்ட 'லியோ' என்ற கணினியை 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தன் ரொட்டிப் பிரிவின் கணக்குக்கு உபயோகப்படுத்தியது. வாடிக்கையான வியாபாரக் கணக்கை ஒரு கணினி ஏற்று நடத்தியது உலகிலேயே அப்போதுதான். பிற்பாடு அதே கணினி சம்பளப் பட்டியல் போட்டது. தேயிலைக் கலவைக் கணக்கும் பார்த்தது. நம் தேசத்தில் 1986-இல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய முயற்சி 'டாலி' என்ற பெயரில் சந்துக் கடைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்து, பற்று வரவு தெரிந்த தலைமுறை ஒன்றையே உருவாக்கியது. 1996-இல் தொடங்கப்பட்டு, சென்னையில் வேரூன்றி, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்திலும் அலுவலகம் அமைத்துக்கொண்ட ஸோஹோ நிறுவனம், 2017-ஆம் ஆண்டிலேயே 'ஸியா' என்ற உதவியாளரைத் தன் வியாபார மென்பொருளுக்குள் குடியமர்த்தியது. 2025 ஜூலையில் தானே பயிற்றுவித்த மொழி மாதிரிகளையும் அறிவித்தது. ஜெர்மனியின் எஸ்ஏபி, அமெரிக்காவின் மைக்ரோஸாஃப்ட் போன்ற பெரும் ஸ்தாபனங்கள் 2023-ஆம் ஆண்டு முதல் தத்தம் நிர்வாக மென்பொருள்களில் பேசும் உதவியாளர்களைச் சேர்த்து வருகின்றன. கணக்கு எழுதுவதற்கு மட்டும் இருந்த யந்திரம், கணக்கைப் படித்து அபிப்பிராயம் கூறும் நிலைக்கு வந்துவிட்டது. இப்போதைய மாறுதலின் சாராம்சம் அதுவே.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன்.

முதல் வாரம் முழுவதும் பழைய பேரேட்டிலுள்ள பாக்கிகளை உள்ளே ஏற்றுவதில் கழிந்தது. இவ்வூரில் சரக்குச் சீட்டுகள் மூன்று மொழிகளில் வரும்: அடிமாலியிலிருந்து மலையாளத்தில், போடியிலிருந்து தமிழில், கொச்சியிலிருந்து ஆங்கிலத்தில். ஒரே வியாபாரியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டு மூன்று தனித்தனி மனிதராகப் பேரேட்டில் உட்கார்ந்திருக்கும். எழுத்து வேறானாலும் ஒலி ஒன்றென்று உணர்ந்து, இவர்கள் மூவரும் ஒருவராக இருக்கலாமோ என்று மென்பொருள் தானே கேட்டபோது, தோட்ட ஆபீஸில் நானும் என் சகாக்களும் இதே வேலைக்காகச் செலவிட்ட நாட்களை நினைத்து மனம் நெகிழ்ந்தேன். ஆனால் ஒரே ஊரைச் சேர்ந்த தகப்பனையும் மகனையும், தலைப்பெழுத்து ஒன்றுதான் வேறு என்பதைப் பொருட்படுத்தாமல், ஒருவரென்று சேர்த்துவிடவும் அது முன்வந்தது. கேட்ட பிறகே சேர்க்கும்படி அமைப்பை மாற்றி வைத்தேன்; அந்த ஏற்பாடு இருந்ததே அதன் பெருமை.

சீட்டைக் கைபேசியில் படம் பிடித்தால், தேதி, பெயர், சரக்கு, எடை, விலை, வரி ஆகிய யாவற்றையும் பிரித்தெடுத்து உரிய கட்டங்களில் நிரப்பும் வசதியைப் பற்றி விளம்பரங்கள் வெகுவாகப் புகழ்கின்றன. அச்சிட்ட சீட்டுகளில் அந்தப் புகழ்ச்சி உண்மையே. நான் ஒரு சீட்டை எழுதும் நேரத்தில் அது பத்துச் சீட்டுகளை முடித்துவிடுகிறது. கையெழுத்துச் சீட்டுகளில்தான் சிக்கல். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, காயின் பருமனைக் கொண்டு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிப்பது இந்த மலையின் வழக்கம். '8 மி.மீ. 12½ கிலோ' என்று எழுதியிருந்த சீட்டைப் படித்த யந்திரம், தரத்தை எடையென்று கொண்டு எட்டு கிலோ என்று பதிவு செய்தது. அந்தப் பிழையை நான் கண்டுபிடித்தது யந்திரத்தின் உதவியால் அன்று. பன்னிரண்டரை கிலோவைச் சாக்கில் கட்டி எடுத்துவந்தவன் என் கண்முன் நின்றுகொண்டிருந்ததால்தான். நாலைந்து முறை திருத்திக் கொடுத்தபின் அந்த வியாபாரியின் சீட்டில் மட்டும் அது கற்றுக்கொண்டது. மற்றொருவர் அதே தரத்தை வரியின் கடைசியில் எழுதியபோது மீண்டும் தடுமாறியது. எண் எதுவென்று கண்ணுக்குத் தெரிவது வேறு, அந்த எண் எதைக் குறிக்கிறதென்று தெரிவது வேறு என்ற பேதத்தை இதற்கு முன் நான் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கும் வேலையில், யந்திரத்தை நான் எவ்வித நிபந்தனையும் இன்றிப் பாராட்டுகிறேன். யூபிஐ வந்த பிறகு, ஐம்பது ரூபாய்க்கு ஏலக்காய் வாங்குகிற பிரயாணி கூடக் கைபேசியில்தான் பணம் அனுப்புகிறார். ஒரு விடுமுறை நாளில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு சிறு வரவுகள் வங்கிப் பட்டியலில் வந்து விழும். அவற்றுள் அறை வாடகைக்கான முன்பணமும், வெளியூர்க் கடைக்காரர் பாக்கியில் கட்டிய தவணையும் கலந்து கிடக்கும். தொகை, தேதி, அனுப்பியவர் பெயர், முன்னே நாம் ஒப்புக்கொண்ட ஒப்புமைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இது இன்ன சீட்டுக்கு உரியது என்று யந்திரம் முன்மொழிகிறது. நிச்சயமாகத் தெரிந்ததைப் பச்சையிலும், ஐயத்துக்குரியதைச் சிவப்பிலும் காட்டுகிறது. சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் நான் பார்த்தால் போதும். இரண்டு மூன்று இரவு உறக்கம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. இந்த வயதில் அது சாமானியமான லாபமன்று.

அடுத்து வரியைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்வகை மென்பொருளின் உள்ளே ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இரண்டு யந்திரங்கள் ஒரே முகத்தோடு இருக்கின்றன என்ற உண்மை அதனால்தான் எனக்கு விளங்கியது. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அறைகளுக்காக நாம் வாங்கும் பொருள்களில் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அதனோடு நின்றுபோயிற்று. அக்டோபர் மாதத்தில் அறைக்குப் பில் போட்டபோது, மென்பொருள் 5 சதவீதம் என்று சரியாகவே கணக்கிட்டது. அதே நாளில், அதே திரையின் ஓரத்தில் இருக்கும் பேசும் உதவியாளரிடம், புதிதாக வாங்கிய மெத்தைகளுக்குக் கட்டிய வரியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அறை வாடகைக்கு வரி 12 சதவீதம், ஆகவே எடுத்துக்கொள்ளலாம் என்று, மிகவும் மரியாதையான நடையில், சற்றும் தயக்கமின்றி அது விடையளித்தது.

பில் போடும் பகுதி விதிகளால் ஆனது; சட்டம் மாறியவுடன் யாரோ ஒரு பொறியாளர் அந்த விதியை மாற்றி எழுதிவிட்டார்; இரண்டும் இரண்டும் நான்கு என்பது போல் அது தவறாது. பேசும் பகுதியோ, கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்று கற்றுக்கொண்ட மொழி மாதிரி; அது படித்த ஏடுகளில் 12 சதவீதம் என்ற பழைய விதியே நிறைந்திருந்தது போலும். முன்னதன் நம்பகத்தைப் பின்னதன் மேலும் ஏற்றிப் பார்ப்பது வியாபாரிக்கு இயற்கை. ஏனென்றால் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே வர்ணத்தில், ஒரே திரையில் தோன்றுகின்றன. மொழி மாதிரி சொல்லும் விடையின் அருகில், அது எந்த அறிவிக்கையை, எந்தத் தேதியின் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டது என்று காட்டாத மென்பொருளை நான் வரி விஷயத்தில் ஒருநாளும் சிபாரிசு செய்ய மாட்டேன். மெத்தை விஷயத்தை எங்கள் ஆடிட்டர் சரி செய்தார். ரிட்டர்னில் தவறு நேர்ந்தால் வட்டியும் அபராதமும் கட்ட வேண்டியவர் பதிவு பெற்ற வியாபாரியே அன்றி, விடை சொன்ன யந்திரம் அன்று.

விலை முன்கணிப்பு என்ற வசதியை மருமகள் பெரிதும் எதிர்பார்த்தாள். வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியிலும், மலைக்கு அப்பால் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே காய்க்கு என்ன ரேட் போயிற்று என்பதைக் கொண்டுதான் இந்த மலைப்பிரதேசம் முழுவதும் சரக்கை வைத்திருப்பதா விற்பதா என்று முடிவு செய்கிறது. பழைய விலைகளை ஏற்றிக் கொடுத்தால், வரும் வாரங்களின் விலையை ஒரு வளைகோடாக யந்திரம் வரைந்து காட்டுகிறது. கடை விற்பனையை அது கணித்த விதம் மெச்சத்தக்கது. எந்த விடுமுறைக்கு எத்தனை அரைக் கிலோப் பொட்டலங்கள் கட்டி வைக்க வேண்டும் என்று அது சொன்னதைக் கேட்டு நாங்கள் பயனடைந்தோம். ஆனால் ஏல விலையைப் பற்றி அது வரைந்த கோட்டை நான் மருமகளின் கண்ணில் படாமல் மறைத்துவிடலாமா என்று கூட எண்ணினேன். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து செடிகளை அழுகச் செய்ததும், அதன் பின்வந்த கோடை வறட்சி மிஞ்சியதைக் கருக்கியதும், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை விலை ஏறியதும், பின்பு அதே காய் ஆயிரம் ரூபாயைச் சுற்றி விழுந்து கிடந்ததும் இந்த மலையில் எல்லோரும் அனுபவித்தவை. அந்த ஏற்றத்துக்குக் காரணம் மேகத்தில் இருந்தது. முந்தைய விலைப் பட்டியலில் இல்லை. பட்டியலை மட்டும் படித்த யந்திரம் மேகத்தை எப்படி அறியும்? மழையளவையும் சேர்த்துக்கொள்ளும் முன்கணிப்புகள் பெரிய கம்பெனிகளிடம் இருக்கலாம்; எங்களைப் போன்றோருக்கு விற்கப்படுவதில் அது இல்லை. இதை நம்பிக் கடன் வாங்கிச் சரக்குத் தேக்குகிறவர் ஒருவரேனும் இருந்தால், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க விரும்புகிறேன்.

பாக்கிதாரர்களைப் பற்றிய மதிப்பீட்டில் எனக்கு நேர்ந்த வருத்தம் வேறு வகையானது. நவம்பர் மாதத்தில் ஒரு நாள், பைசன்வாலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தாம் எங்கள் கடையில் பற்று வைத்திருக்கும் சாமான்களுக்கு, மூன்று மாதப் பாக்கியை ஏழு நாளைக்குள் செலுத்தாவிட்டால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்ற கடிதத்தைத் தம் கைபேசியில் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். "என்ன கணக்கரே, எங்க அப்பா காலத்திலேருந்து காய் வித்துத்தானே பாக்கி தீர்க்கிறோம்?" என்று கேட்டபோது அவருடைய குரலில் கோபம் இல்லை, துயரம் இருந்தது. அவருடைய குடும்பம் சரக்கு ஏலத்துக்குப் போய்ப் பணம் கைக்கு வந்தவுடன், ஆண்டுக்கு ஓரிரு முறை, மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பது நாற்பது ஆண்டு வழக்கம். யந்திரமோ முப்பது நாள் தவணை என்ற பொது அளவுகோலை வைத்து, அவரை வராக்கடன் அபாயமுள்ளவர் என்று வகைப்படுத்தி, தானே கடிதமும் எழுதி, தானே அனுப்பியும் விட்டிருந்தது. தானாக அனுப்பும் அந்த வசதி, வாங்கும்போதே முடுக்கிவிடப்பட்ட நிலையில் வந்தது என்பதை அதற்கு முன் நாங்கள் கவனிக்கவில்லை. அது எங்கள் பிழை. ஆயினும், ஒரு மனிதனுக்கு மற்றொரு மனிதனின் பெயரால் போகும் கடிதத்தை, அனுப்புகிறவன் படிக்காமலே அனுப்ப வழிசெய்து வைத்திருப்பதை ஒரு சௌகரியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலையே அந்த வசதியை நிறுத்தினேன்.

இதைக் காட்டிலும் முக்கியமானது, தொழிலாளரைத் தரப்படுத்தும் வசதி. எங்கள் ஏலக்காட்டில் காய் எடுக்க எட்டுப் பெண்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் எடுத்த பச்சைக்காயின் எடையை மாலையில் நிறுத்து எழுதுவது வழக்கம். அந்த எடைகளை ஏற்றியதும், யாரும் கேளாமலே, மென்பொருள் எட்டுப் பேரையும் வரிசைப்படுத்தி, கடைசி இடத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே 'செயல்திறன் குறைவு' என்று சிவப்பில் எழுதியது. ஒரு பருவம் முழுவதும் அவர் எடை மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது உண்மை. அந்தப் பட்டியலை மட்டும் தூரத்து நகரத்தில் இருந்துகொண்டு பார்க்கிற முதலாளி ஒருவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அவரைப் பல ஆண்டுகளாக அறிவேன். செடியின் அடியில் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் விரலால் தொட்டுணர்ந்து கிள்ளி, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவிடுவார். எடைக்காகப் பிஞ்சையும் சேர்த்து உருவுகிறவர்களின் கூடை சீக்கிரம் நிறையும். ஆனால் பிஞ்சு, உலர்த்தும் கூடமான ஸ்டோரில் உலர்ந்தபின் சுருங்கிச் சக்கையாகிவிடும். நன்றாக முற்றிய காய் சுமார் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ சரக்கு தேறும். பிஞ்சு கலந்தால் அவ்வளவும் தேறாது, தேறுவதும் எட்டு மில்லிச் சல்லடையில் நிற்காது. ஆகவே டிசம்பர் மாதம் தொடங்கி ஒரு சோதனை செய்தேன். நான்கு சுற்று அறுவடைக்கு, ஒவ்வொருவருடைய காயையும் தனித்தனிச் சாக்கில் அடையாளமிட்டு, தனியே உலர்த்தி, உலர்ந்த எடையையும், அதில் எட்டு மில்லி எவ்வளவு என்பதையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதினேன். பிரயாசைதான், ஸ்டோர்க்காரர் முகம் சுளித்தார்.

விளைவு என்னை வியப்பில் ஆழ்த்தியது. புதிய கட்டங்களைக் கண்டதும், நான் கேட்காமலே, பச்சை எடைக்கும் விற்ற விலைக்கும் உள்ள தொடர்பு தளர்வானது, உலர்ந்த தரத்துக்கும் விலைக்கும் உள்ள தொடர்பே இறுக்கமானது என்று யந்திரம் சுட்டிக்காட்டியது. அந்த அளவுகோலில் மூதாட்டி எட்டாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தார். முப்பது ஆண்டு கணக்கு எழுதிய நான், மனத்தளவில் அறிந்திருந்தும் ஒருநாளும் ஏட்டில் நிறுவிக் காட்டாத ஒன்றை, அது ஒரு கணத்தில் நிறுவியது. முதலில் அது இழைத்த அநியாயத்துக்கும் பின்பு அது வழங்கிய நியாயத்துக்கும் காரணம் ஒன்றே: ஏட்டில் எதை எழுதினோமோ அதையே அது கண்டது. பச்சை எடையை மட்டும் எழுதி வந்தவர்கள் நாங்கள். அந்த ஏட்டின் குறுகிய பார்வையைத்தான் யந்திரம் பெரிதாக்கிக் காட்டியிருந்தது. மூதாட்டியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அது எங்களுக்குத் தெரியாதாண்ணே? நிறுக்கிறவங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். 2015 செப்டம்பரில், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறு வீதியில் வந்து உட்கார்ந்து போனஸுக்காகப் போராடியதை நான் நேரில் கண்டவன். கம்பெனியின் கணக்கிலும், தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன தலைவர்களின் கணக்கிலும் தங்கள் உழைப்பு சரியாக எழுதப்படவில்லை என்பதே அவர்களுடைய வாதமாக எனக்குப் பட்டது. கணக்கு எழுதும் உரிமை இப்போது யந்திரத்துக்குப் போகிறதென்றால், எதை அளப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அளக்கப்படுகிறவர்களும் இருக்க வேண்டும் என்பது, நிர்வாக மென்பொருளை விற்கிறவர்களிடம் நான் மனப்பூர்வமாக முன்வைக்கும் கோரிக்கை. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டது, எதனால் எழுதப்பட்டது என்று ஒரு தொழிலாளி தன் மொழியில் பார்க்கவும், மறுக்கவும் வழி வேண்டும். நான் பயன்படுத்திய மென்பொருளில் முதலாளிக்கு ஐந்து வகை அறிக்கைகள் இருக்கின்றன, தொழிலாளிக்கு ஒன்றுமில்லை.

இது மிகையான அச்சம் என்று எண்ணுவோர், பிரிட்டனின் கிளை அஞ்சலகங்களில் 1999 முதல் பயன்படுத்தப்பட்ட 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளின் சரித்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. சாதாரணக் கணக்குப் பிழைகள்தான் இருந்தன. ஆனால் யந்திரம் பணம் குறைகிறது என்று காட்டியதால், மூலைக்கடையில் அஞ்சலகம் நடத்திய சாமானியர்கள் திருடர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குச் சென்றார்கள். அவர்களுள் இந்திய வம்சாவளியினரும் அநேகர். யந்திரம் சொன்னது சரி என்றும், மனிதன் சொன்னது பொய் என்றும் நீதிமன்றங்களே அனுமானித்துக்கொண்டன. 2024-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தத் தீர்ப்புகளுள் பலவற்றை ரத்து செய்தது. கூட்டல் கழித்தல் மட்டும் செய்த யந்திரத்திடமே அவ்வளவு கண்மூடித்தனமான நம்பிக்கை இருந்ததென்றால், அழகாகப் பேசவும் அபிப்பிராயம் சொல்லவும் கற்ற யந்திரத்தின் முன்னே நமக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி நின்றுபோகும் இந்த மலையில், கணக்கு முழுவதும் தொலைவிலுள்ள கணினியில் இருப்பது இடைஞ்சல். இணையம் இல்லாதபோது பில் மட்டும் போட முடிகிறது, நுண்ணறிவு சார்ந்த எதுவும் அசையாது. கணக்கு முழுவதையும் ஒரே கோப்பாக நாமே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாதந்தோறும் அதைச் செய்ய மறக்கக் கூடாது. விருந்தினர் தரும் அடையாளச் சீட்டுகளை இதற்குள் படமெடுத்து வைக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். தனிமனிதத் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டம் வந்திருக்கும்போது, தேவையற்றதைச் சேர்த்துவைப்பது வீண் சுமை. தமிழில் தட்டச்சு செய்து கேட்டால் பேசும் உதவியாளர் புரிந்துகொண்டு, நூல்நடையிலே விடை தருகிறது. ஆனால் வாயால் சொன்னால், தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் 'பச்சைக்காய்' என்பதைக் கூட அது பிடித்துக்கொள்ளவில்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகமும், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'பாஷிணி'த் திட்டமும் இந்திய மொழிப் பேச்சை யந்திரத்துக்குப் பழக்கும் பணியில் ஈடுபட்டிருக்கின்றன. அவற்றின் பலன் கணக்கு மென்பொருள்களுக்குள் வந்து சேரும் நாளில், எழுதத் தெரியாத மூதாட்டியும் தன் எடையைத் தானே சொல்லிப் பதியலாம். அந்த நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் விடை: வங்கி வரவை ஒத்துப் பார்ப்பதற்காகவும், அச்சுச் சீட்டுகளைப் படிப்பதற்காகவும், கடை விற்பனையை முன்கூட்டி அறிவதற்காகவும் தாராளமாக வாங்கலாம், அந்த மூன்றுக்கே கொடுத்த பணம் தகும். வரி ஆலோசனைக்கும் ஏல விலைக்கும் இதை நம்ப வேண்டாம். எங்கள் கடையில் அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டோம். தானாகக் கடிதம் அனுப்பும் வசதியும், தொழிலாளரை வரிசைப்படுத்தும் வசதியும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. காய் எடுப்புப் பதிவில் பச்சை எடைக்குப் பக்கத்தில் உலர்ந்த எடை, எட்டு மில்லி என்று இரண்டு கட்டங்கள் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன. வரும் பருவம் முதல், பச்சை எடைக்குரிய கூலியோடு, எட்டு மில்லிக் காய்க்குத் தனியாக ஒரு தொகையும் கொடுப்பதென்று மருமகள் முடிவு செய்திருக்கிறாள். அந்தத் தொகை எவ்வளவு என்பதைப் பற்றி அவளும் எட்டுப் பெண்களும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.